சுமை ஏறிய இரவு

1988 நவம்பர் 2, இரவு 9.21. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகக் கணிப்பொறித் துறையில் இயங்கிய வாக்ஸ் 8600 இயந்திரத்தின் சுமை எண் 5. அந்த வேளையில் வழக்கமாக அது 1 அளவில்தான் நிற்கும். 9.41க்கு 7 ஆயிற்று, 10.01க்கு 16. செயலியின் முன் தம் முறைக்காகக் காத்து நிற்கும் நிரல்களின் சராசரித் தொகையே யூனிக்ஸில் சுமை எண் எனப்படுவது. ஐந்தைத் தாண்டினாலே விசைப்பலகையின் முன் அமர்ந்திருப்பவருக்குத் தாமதம் உறைக்கும். 10.06க்கு மேற்கொண்டு ஒரு நிரலைக்கூடத் தொடங்க இயலாத நிலை. நிர்வாகி 10.20க்கு அந்நிய நிரல்கள் அனைத்தையும் அழித்தார். 10.41க்கு எண் 27. 10.49க்கு இயந்திரத்தையே நிறுத்தி மீண்டும் இயக்கினார். 11.21க்கு 37!

இத்தகைய வேளையில் எவரும் முதலில் செய்வது, ஓடும் நிரல்களின் பட்டியலை எடுத்து, செயலியின் நேரத்தை மிகுதியாக உண்டது எது என்று பார்ப்பதுதான். அன்று அந்த வழி பயன்படவில்லை. பட்டியலில் தெரிந்தவை 'எஸ்ஹெச்' என்ற பெயர்கள். யூனிக்ஸில் அன்றாடம் புழங்கும் கட்டளை ஓட்டின் பெயர் அது. எதன் கணக்கிலும் பெரிய செலவு இல்லை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை அந்நிரல் தன் நகலொன்றைப் பெற்றுவிட்டுத் தான் மடியும்; நகலுக்குப் புதிய எண், புதிய கணக்கு. நெடுநேரம் ஓடும் நிரல்களைப் பின்தள்ளுவது யூனிக்ஸின் வழக்கமாதலால், பிறந்த குழந்தைக்கு முன்னுரிமையும் கிடைத்துவிடும். வட்டிலும் தன் கோப்புகளை அழித்துவிட்டிருந்தது.

அப்படியாயின் செயலியை உண்டது எது? கடவுச்சொற்களை ஊகிக்கும் வேலை. யூனிக்ஸ் கடவுச்சொற்களை மறையாக்கும் முறை வேண்டுமென்றே மெதுவானதாக வகுக்கப்பட்டது. ஒரு சொல்லுக்கு 25 முறை மறையாக்கம் நடக்கும். ஊகிப்பவன் சலித்துப் போகட்டும் என்பது நோக்கம். கென் தாம்ப்சனுடன் சேர்ந்து 1979இல் இதை விளக்கிக் கட்டுரை எழுதியவர் ராபர்ட் மாரிஸ். புழுவை எழுதிய கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டப்பன் மாரிஸ் அவருடைய மகன். மகன் அந்த மறையாக்கத்தை விரைவாகச் செய்யும் நிரலைத் தன் புழுவுக்குள் பொதிந்து அனுப்பியிருந்தார். இந்நிகழ்ச்சியைப் பற்றி எழுதுவோர் மின்னஞ்சல் நிரலின் ஓட்டையிலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு இந்தத் தந்தை-மகன் கணக்கே பெரிதாகப் படுகிறது.

சுமை ஏறியது புழுவின் நோக்கமன்று. ஓர் இயந்திரத்தில் இரு புழுக்கள் சந்தித்தால் ஒன்று விலகிவிட வேண்டும் என்பதே ஏற்பாடு. போலிப் புழுவை வைத்து யாரேனும் ஏமாற்றிவிடுவார்களோ என்ற அச்சத்தில், ஏழில் ஒன்று எவருக்கும் விலகாது என்று மாரிஸ் விதித்தார். அந்த விகிதம்தான் அவரைக் காட்டிக் கொடுத்தது. விலகாதவை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன. அடக்கமாக ஓடியிருந்தால் அன்றிரவு எவர் கவனித்திருப்பார்?

பெர்க்லியிலும் எம்.ஐ.டி.யிலும் புழுவைப் பிடித்து, இயந்திர மொழியிலிருந்து அதன் மூலத்தை மீட்டெடுக்கும் பணி நடந்தது. நவம்பர் 3 விடியுமுன்பே மின்னஞ்சல் நிரலுக்கான திருத்தத்தைப் பெர்க்லி வலையில் அனுப்பிவிட்டது. ஆனால் அஞ்சிய பல நிலையங்கள் அதற்குள் வலையிலிருந்து தம்மைத் துண்டித்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு அந்த மடல் நேரத்தில் சென்று சேரவில்லை.