நெகடிவ் இல்லாத படங்கள்

கோலாலம்பூரிலிருந்து தென்மேற்கே செல்லும் பழைய சாலையில் பதினான்காவது கட்டையைச் சுற்றி ஒரு சிற்றூராக இருந்து, இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளும் பேரங்காடிகளுமாகப் பெருகிவிட்ட பூச்சோங்கில், ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களுமே ஜீவனமாக இருந்தன என்பதற்கு இப்போது எஞ்சியுள்ள சாட்சியங்கள் சொற்பமே: சுரங்கம் தோண்டியதால் உண்டான குளங்கள், கின்ராரா, காசல்பீல்ட் என்று தமிழ்ப் பள்ளிகளின் பெயர்ப் பலகைகளில் வாழும் பெயர்கள், பிறகு சில புகைப்படங்கள். தோட்டம் கைமாறி லயத்து வீடுகள் இடிபடும் நாள் வந்தபோது அக்குடும்பங்கள் எடுத்துக்கொண்டு புறப்பட்ட சாமான்களுள், சாமி படங்களோடு வரிசையாகச் சுவரில் மாட்டியிருந்த அந்தப் புகைப்படம்தான் எடையில் மிகக் குறைந்தது. தொலைந்தால் மீளாததும் அதுவே. நாற்காலியில் அமர்ந்த தாத்தாவும், அதன் முதுகைப் பற்றிக்கொண்டு நிற்கும் பாட்டியும், பின்னால் படக்கடைக்காரர் தொங்கவிட்ட மாளிகைத் திரைச்சீலையுமாக உள்ள அப்படத்துக்குப் பெரும்பாலும் இரண்டாவது பிரதி கிடையாது. நெகடிவ் கடைக்காரரிடமே தங்கிவிடுவது அந்நாளைய வழக்கம். கடை மூடப்பட்டபோது அதுவும் குப்பையோடு குப்பையாகப் போய்விட்டது.

இவை விதிவசத்தால் நெகடிவை இழந்த படங்கள். பிறக்கும்போதே நெகடிவ் இல்லாமல் பிறக்கும் படம் ஒன்றும் உண்டு. ஒளி பட்ட பரப்பே படமாகி, கறுப்பு கறுப்பாகவும் வெளுப்பு வெளுப்பாகவும் நேரே தோன்றும் அதனை நேர்ப்படம் என்று சொல்லலாம். புகைப்பட ரசாயனத்தின் சரித்திரத்தில் இந்த நேர்ப்படம் வகித்த ஸ்தானம் என்னை நெடுங்காலமாக வியப்பில் ஆழ்த்தி வந்திருக்கிறது. ஏனெனில், பிரதி எடுக்கவே முடியாத பொருளாகத் தோன்றிய அது, பிரதி எடுப்பதற்கென்றே செய்யப்பட்ட பொருளாகத் தன் யாத்திரையை முடித்தது.

1839 ஆகஸ்டில் பாரிஸ் நகரில் உலகுக்கு வெளியிடப்பட்ட டாகேரின் முறையில், வெள்ளி முலாம் பூசிய செப்புத் தகட்டை அயோடின் ஆவியில் காட்டி, கேமராவில் வைத்து ஒளிபடச் செய்து, பாதரச ஆவியில் படத்தை வெளிக்கொணர்வார்கள். அந்தத் தகடே படம். அதைப் போன்ற இன்னொன்று வேண்டுமானால் மனிதரை மறுபடியும் உட்காரவைக்க வேண்டியதுதான். நான்கே ஆண்டுகளில், 1843-ல், கஸ்தோன் துத்ரோங்குவா என்பவர் சிங்கப்பூரில் தம் விடுதியில் இத்தகைய படங்கள் எடுத்துத் தரப்படும் என்று பத்திரிகையில் விளம்பரம் செய்திருக்கிறார். அவ்விளம்பரத்தைவிட நமக்கு நெருக்கமான சாட்சி முன்ஷி அப்துல்லா. மலாக்காவில் பிறந்தவரும், நாகூர்த் தமிழ்ப் பெண்மணி ஒருவரைத் தம் மூதாதையருள் கொண்டவரும், வணிகக் கணக்குகள் தமிழில் எழுதப்பட்ட அம்மாநகர வழக்கத்தை ஒட்டிச் சிறு வயதிலேயே தமிழ் கற்றவருமான அப்பெரியார், 1849-ல் அச்சான தம் சுயசரித்திரத்தில், சிங்கப்பூர் நகரின் தோற்றம் ஒரு தகட்டில் அப்படியே பதிந்திருந்ததைக் கண்ட ஆச்சரியத்தை விவரித்திருக்கிறார். மலாய் உரைநடைக்குப் புதுவழி வகுத்தவர் என்று போற்றப்படும் அவருடைய எழுத்தில், இந்தத் தீபகற்பத்து மக்களின் கண்கள் முதன்முதலாகக் கண்ட நேர்ப்படம் ஒன்று பத்திரமாக இருக்கிறது.

அதே 1839-ல் பாரிஸில் இப்போலித் பயார் என்னும் அரசாங்க குமாஸ்தா செய்த காரியம் இதைவிட நுட்பமானது. வெள்ளிக் குளோரைடு பூசிய காகிதத்தை அவர் முதலில் வெயிலில் காட்டி முழுவதும் கறுக்கவிட்டார். பிறகு பொட்டாசியம் அயோடைடு நீரில் தோய்த்துக் கேமராவினுள் வைத்தார். சாயம் ஏற்றிய துணி வெயில் பட்ட இடத்தில் வெளுப்பதுபோல, ஒளி விழுந்த இடமெல்லாம் அந்தக் கறுப்பு வெளுத்துப் படம் நேராகவே அமைந்தது. முன்கூட்டியே கறுக்கவைத்து, ஒளியைக் கொண்டு வெளுக்கச்செய்வது என்ற இந்தத் தத்துவத்தை நினைவில் நிறுத்திக்கொள்ளும்படி வாசகரை வேண்டுகிறேன். நூறு ஆண்டுகளுக்குப் பின் பெரிய தொழிற்சாலைகள் வந்து சேர்ந்த இடமும் இதுவேயாகும். ஆனால் அன்று வென்றது டால்பட் 1841-ல் இங்கிலாந்தில் உரிமை பெற்ற காகித நெகடிவ் முறை. ஒரு நெகடிவிலிருந்து எத்தனை படம் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற வசதியின் முன் தனிப்படத்தின் அழகு நிற்கவில்லை.

நெகடிவ் முறை மலாயாவுக்கு வந்தபோது அதில் தமிழர் கையும் இருந்தது. 1862-ல் பினாங்கில் படக்கூடம் நடத்திய ஜான் தாம்சன், தமக்குத் துணையாகச் சென்னையிலிருந்து வந்த இருவரைப் பழக்கிப் படம் அச்சிடும் வேலையில் வைத்துக்கொண்டதாகத் தம் நூலில் எழுதியிருக்கிறார். சீனர்கள் அந்தப் பூதவேலைக்கு வர மறுத்துவிட்டார்களாம். அவ்விருவரின் பெயர்களை அவர் எழுதி வைக்கவில்லை. முட்டை வெண்கருவும் வெள்ளி நைட்ரேட்டும் பூசிய தாளை நெகடிவின் கீழ் வைத்து வெயிலில் காட்டி, நிறம் ஏறும் பக்குவத்தைக் கண்ணால் அறிந்து, சரியான நொடியில் எடுத்துக் கழுவிய அந்தக் கைகள், இத்தேசத்தில் நம்மவர் செய்த ரசாயனத் தொழிலின் முதல் கைகளில் சேர்ந்தவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மலாயாத் தமிழர் சரித்திரத்தில் பால்மரத்துக்கும் இரும்புப் பாதைக்கும் கொடுக்கும் இடத்தில் ஒரு மூலையையாவது இவர்களுக்கு ஒதுக்க வேண்டும்.

1871-ல் ரிச்சர்டு மாடக்ஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர் வெள்ளிப் புரோமைடை ஜெலட்டினில் கலந்து பூசலாம் என்று எழுதிய பிறகுதான், படக்கலைஞர்கள் மருந்து என்று சொல்லும் இன்றைய பூச்சு உருவாயிற்று. மாட்டின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுக்கப்படும் ஜெலட்டினில் நுண்ணிய வெள்ளி உப்புப் பரல்கள் மிதந்து உறைந்து நிற்பதே அந்த மருந்து. ஒரே முறையில் செய்தும் சில ஜெலட்டின் கூர்மையான பிலிமையும் சில மந்தமான பிலிமையும் தந்த ரகசியத்தை 1925-ல் கோடக் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த ஷெப்பர்டு கண்டறிந்தார். மாடு மேய்ந்த கடுகுச் செடி வகைகளிலிருந்து வந்த கந்தகப் பொருள் அணுவளவு ஜெலட்டினில் தங்கி, பரல்களின் மேல் உணர்ச்சி மையங்களை உண்டாக்கியிருக்கிறது. நம் வீட்டுத் தாளிப்பில் நெடியேறும் அதே சாரம் ஒளியை உணரும் சக்தியைப் பிலிமுக்கு அளித்தது என்பதை எண்ண எண்ண இன்பமாயிருக்கிறது.

இத்தகைய மருந்துக்கு மலாயாவின் சீதோஷ்ணம் பரம சத்துரு. இருபது டிகிரி நீரில் கழுவ வேண்டிய பிலிமை முப்பது டிகிரி நீரில் கழுவினால் ஜெலட்டின் வீங்கி இளகி, சில சமயம் அடிப்பரப்பை விட்டே நழுவிவிடும். ஆகவே பனிக்கட்டியைத் துணியில் சுற்றித் தொட்டியைச் சூழ வைப்பதும், படிகாரக் கரைசலில் பிலிமை இறுக வைப்பதும், கழுவி முடித்த படத்தைப் பூஞ்சைக்குப் பயந்து காற்றோட்டத்தில் உலர்த்துவதும் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் இருந்த படக்கடைகளின் அன்றாடக் கவலைகளாயின. இந்தியா 1960-ல் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசு நிறுவனத்தை அமைத்தபோது, பிரெஞ்சு நாட்டு பாஷே கம்பெனியின் ஒத்துழைப்போடு 1967-ல் உற்பத்தி தொடங்கிய அத்தொழிற்சாலைக்கு உதகமண்டலத்தைத் தேர்ந்தெடுத்ததன் நியாயம், குளிர்ந்த தூய காற்றைத் தேடிய இந்தக் கவலையை அறிந்தவர்களுக்கு உடனே விளங்கும்.

தோட்டத்து மக்கள் அனைவரையும் கேமராவின் முன் கொண்டுவந்து நிறுத்தியது கல்யாணமோ கருமாதியோ அன்று. 1948-ன் அவசரகாலச் சட்டம். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் புகைப்படமும் கட்டைவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்று அரசாங்கம் விதித்தது. முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட முகங்கள் இவ்வாறு பதிவாயின. பால்மரம் வெட்டப் போன இடத்தில், அரசாங்கத்தை எதிர்த்துக் காட்டிலிருந்து போரிட்ட கம்யூனிஸ்டுப் படையினர் அந்த அட்டையைப் பிடுங்கி அழிப்பதும், அட்டையில்லாமல் சாலையில் போனால் காவல்துறையினர் நிறுத்துவதுமாக, இரு தரப்பின் அச்சத்துக்கும் நடுவே ஒரு சிறு முகம் மடிக்குள் இருந்தது. தன் வாழ்நாளில் வேறு படமே எடுத்துக்கொள்ளாத பாட்டிமார் எத்தனையோ பேர். அவர்கள் இறந்தபின், அந்த அட்டைப் படத்தைப் படக்கடையில் கொடுத்து மறுபடி படமெடுத்துப் பெரிதாக்கி, அதற்கு மாலையிட்டார்கள். அவ்வாறு பிரதிக்குப் பிரதி எடுக்கும்போது கண்ணின் ஈரமும் சேலையின் மடிப்பும் முதலில் அழிந்துபோகும்.

பிரதி எடுப்பதில் நேரும் இந்தச் சேதத்துக்கும் தொல்லைக்கும் மருந்துக்காரர்கள் தேடிய பரிகாரத்தில்தான் பயாரின் தத்துவம் மறுபிறவி எடுத்தது. அளவுக்கு மிஞ்சிய ஒளி பட்டால் பிலிம் மேலும் கறுக்காமல் திரும்பி வெளுக்கத் தொடங்கும். சூரியனை நேரே படமெடுத்தவர்கள் நெகடிவில் அது வெளிறித் தோன்றுவதைப் பழங்காலத்திலேயே கண்டிருக்கிறார்கள். இந்தக் குறையையே குணமாக்கி, தொழிற்சாலையிலேயே ஒளியைக் கொண்டோ, ஒடுக்கும் ரசாயனத்தோடு சிறிது தங்க உப்பைச் சேர்த்தோ பரல்கள் அனைத்தையும் முன்கூட்டியே மூட்டமிடுவார்கள். அந்நிலையில் கழுவினால் பிலிம் முழுவதும் கறுத்துப்போகும். ஆனால் ஒளி ஒரு பரலில் விழுந்தால், அங்கே விடுபடும் எலெக்ட்ரானைப் பரலின் மேல் ஒட்டியிருக்கும் சாயம் பிடித்துக்கொள்கிறது. எலெக்ட்ரான் நீங்கிய இடத்தில் மிஞ்சும் துளை நகர்ந்து சென்று, மூட்டத்துக்குக் காரணமான வெள்ளி, தங்கப் புள்ளியை அரித்துக் கரைத்துவிடுகிறது. புள்ளி போனபின் பரல் கழுவும் மருந்துக்கு வசப்படுவதில்லை. அவ்விடம் வெளுப்பாகவே நிற்கிறது. ஒளி படாத பரல்கள் கறுக்கின்றன. மூலம் எப்படியோ பிரதியும் அப்படியே.

மூட்டமிடாமல், பரலின் உள்ளே மட்டும் படம் பதியும்படி செய்து கழுவும்போது திருப்பும் இன்னொரு வகையும் உண்டு. கேமராவில் வைக்கத் தக்க வேகம் அதற்கு இருந்ததால் உடனடிப் படங்களில் அது பயன்பட்டது. 1925-ல் நியூயார்க்கில் அனடோல் ஜோசபோ திறந்த தானியங்கிப் படக்கூண்டு, இருபத்தைந்து காசுக்கு எட்டுப் படங்களை நெகடிவின்றித் தந்ததும் இக்குலத்துக்கு ஒருவகையில் உறவே. அங்கே வெளுக்கவைத்து மறுபடி கறுக்கவைக்கும் கழுவுமுறைதான் படத்தைத் திருப்பிற்று.

நேர்ப்படப் பிலிமின் அருமை துலங்கிய இடம் மருத்துவமனையின் இருட்டறை. காசநோய் தோட்டங்களில் குடும்பம் குடும்பமாகப் பரவியிருந்த அக்காலத்தில், நெஞ்சின் எக்ஸ்ரே படமே வைத்தியருக்குக் கண். எலும்பு வெண்மையாகவும் காற்று நிறைந்த நுரையீரல் கறுப்பாகவும் தெரியும் அப்படம் தானே ஒரு நெகடிவ். சாதாரணப் பிலிமில் அதற்குப் பிரதி எடுத்தால் கறுப்பும் வெளுப்பும் இடம் மாறி, வெள்ளைத் திட்டில் நோயைத் தேடிப் பழகிய கண் தடுமாறும். ஆகையால் இதற்கென்றே ஒருபுறம் மட்டும் மருந்து பூசிய நேர்ப்படப் பிலிம் வந்தது. மங்கிய செவ்விளக்கின் கீழ் அதன் மருந்துப் பக்கத்தைத் தடவிப் பார்த்து மூலப்படத்தின்மேல் கவிழ்த்து, கண்ணாடி அழுந்த மூடி, கீழிருந்து புற ஊதா விளக்கைச் சில விநாடிகள் எரியவிடுவார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பழகியவர் இங்கே தம் பழக்கத்தைத் தலைகீழாக்க வேண்டும்: பிரதி கறுத்துவிட்டால் ஒளியைக் கூட்ட வேண்டும், வெளிறினால் குறைக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் கறுத்த படத்தைக் கண்டு விநாடியைக் குறைத்துக் குறைத்து மேலும் கறுப்பாக்குவது இருட்டறைகளில் சகஜம். பிரதி தேறிவிட்டால், நோயாளி வேறு ஊர் மருத்துவமனைக்குப் போனாலும் மூலம் பழைய இடத்திலேயே பத்திரமாக இருக்கும்.

இவ்வளவு பாதுகாப்பு நோயுற்ற நெஞ்சுக்குக் கிடைத்தது, சிரித்த முகத்துக்குக் கிடைக்கவில்லை என்பது என் மனத்தாங்கல். தோட்டத்துப் படங்களை ஒழுங்காகத் திரட்டிப் பிரதி எடுக்கும் வேலை, தோட்டங்கள் இருந்தபோதே நடந்திருக்க வேண்டியது. கடிதங்களும் கணக்கேடுகளும் எழுதாத அம்மக்களுக்கு அந்தப் படங்களைவிட வேறு ஆவணம் என்ன இருந்தது? அவர்களைப் பற்றி அச்சில் வந்தவற்றின் அதிர்ஷ்டம் சற்று மேலானது. கோலாலம்பூரில் 1924-ல் தொடங்கி 2019 வரை வெளிவந்த தமிழ் நேசன் போன்ற இதழ்களின் பழைய ஏடுகள் தொட்டால் நொறுங்கும் நிலையை எய்திவிட்டாலும், மைக்ரோபிலிம் சுருள்களில் அவற்றைப் படிக்க முடிகிறது. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தி நாடுகடத்தப்பட்ட ஆர்.எச். நாதன், அந்தத் தமிழ் நேசனிலேயே பணியாற்றியவர். அவ்வாண்டின் இதழ்களை நாடுவோருக்கு அச்சுருள்களின் மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை.

மைக்ரோபிலிமில் மூன்று தலைமுறைகள் உண்டு. கேமராவில் பதிந்த மூலச்சுருள் குளிர்ந்த, வறண்ட அறையில் பூட்டி வைக்கப்படும். அதிலிருந்து ஒரு நடுப்பிரதியும், நடுப்பிரதியிலிருந்து வாசகர் கையாளும் பிரதியும் எடுக்கப்படும். சாதாரணப் பிலிமில் தலைமுறைக்குத் தலைமுறை கறுப்பும் வெளுப்பும் மாறிக்கொண்டே போகும். வெள்ளி உப்பு நேர்ப்படப் பிலிமிலோ அவை மாறுவதில்லை. பாலியெஸ்டர் அடிப்பரப்பில் பூசி, முறையாகக் கழுவி, படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ உப்பின் எச்சமில்லாமல் உலர்த்திய வெள்ளிப் படம் தக்க பாதுகாப்பில் 500 ஆண்டுகள் நிலைக்கும் என்பது தரநிர்ணயக்காரர்களின் கணக்கு. வாசகர் பிரதியில் கீறல் விழுந்து எழுத்து மறையத் தொடங்கியதும், நடுப்பிரதியை இருட்டறைக்கு எடுத்துச் சென்று புதிய சுருள் ஒன்றைப் பதிந்துகொள்வார்கள். மூலச்சுருளின் பெட்டியைத் திறக்க வேண்டிய அவசியம் நேராது.