ஷரத்துக் கலையும் வீட்டுக் கிரயமும்

மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, நான்கெல்லை ஆகியவற்றை ஆராய்ந்து வீடு வாங்கும் முறை ஆங்கிலேயர் ஆட்சியில் தோன்றியதென்றே பலரும் கருதுகின்றனர். பதிவலுவலகம் நமக்கு அவர்கள் வழியே வந்தது உண்மை. ஆனால் அதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பத்திரம் எழுதுவதைத் தனியொரு கலையாக வளர்த்திருந்தனர் இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள். 'இல்முஷ் ஷுரூத்' என்பது அக்கலையின் பெயர். 'ஷர்த்' என்பதன் பன்மையே 'ஷுரூத்'. நம் பத்திரங்களில் வழங்கும் 'ஷரத்து' அச்சொல்லே. அசல், நகல், வாரிசு, வக்கீல் என்பனவும் அரபு மூலமுடையவையே.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதிக்கொள்ளவும் வணிகத்தில் சாட்சி வைக்கவும் பணிக்கிறது. காழீயின் மன்றத்தில் சாட்சிகளின் வாய்மொழியே முதன்மை பெற்றது. ஆயினும் சாட்சி மறப்பான், மரணிப்பான். எனவே எழுத்து இன்றியமையாததாயிற்று.

இக்கலையில் தலைசிறந்தவர்களுள் ஒருவர் எகிப்தின் ஹனஃபி மேதை இமாம் தஹாவீ (ரஹ்) அவர்கள் (இறப்பு ஹி. 321 / கி.பி. 933). எந்தச் சட்டக் கருத்துடைய காழீயிடம் சென்றாலும் செல்லத்தக்க வாசகத்தை அமைப்பதே அவர்களின் நோக்கம். வீட்டின் நான்கெல்லைகள், மேல்தளமும் கீழ்த்தளமும், வழிப்பாதை, நீர் செல்லும் வழி, அதனைச் சார்ந்த உரிமைகள் யாவும் பத்திரத்தில் இடம்பெற்றன. எல்லையாகக் குறிக்கப்படும் அண்டை வீடே விற்பனைக்குள் அடங்கிவிடுமோ என்னும் ஐயத்தைக்கூட அறிஞர்கள் விவாதித்தனர். இருவரும் வீட்டைப் பார்வையிட்டனர் என்பதும் எழுதப்பட்டது. பிற்காலத்தில் வேறொருவர் உரிமை கோரினால் விற்றவரே பொறுப்பு என்னும் உறுதிமொழி 'ளமானுத் தரக்' எனப்பட்டது.

நம் நாட்டில் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமும் நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புடைய அசையாச் சொத்தின் கிரயத்தைப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கின. பெரும் பாதுகாப்பே இது. எனினும் ஒரு நுட்பத்தைச் சமுதாயம் கவனிக்க வேண்டும். வில்லங்கச் சான்று பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். தந்தை மரணித்த கணமே மகளுக்குச் சேரும் பங்கோ எந்தப் பதிவேட்டிலும் ஏறாமலே உயிர்பெறுகிறது. ஒப்படைப்புடன் நிறைவேறிய வாய்மொழி ஹிபாவும் முஸ்லிம் தனியார் சட்டப்படி செல்லும்; அதுவும் அச்சான்றில் தென்படாது.

ஆகவே வில்லங்கம் ஏதுமில்லை என்று சான்று கூறும் வீட்டிலும் ஒரு சகோதரியின் உரிமை மறைந்து கிடக்கலாம். சகோதரன் தன் பங்கை மட்டுமே விற்க இயலும். அவள் பங்கு அவளுடையதாகவே நிற்கும். வாரிசுச் சான்றிதழைக் கேட்பதும், பெண் வாரிசுகள் அனைவரும் கிரயத்தில் கையொப்பமிட்டனரா, அன்றேல் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் உள்ளதா எனப் பார்ப்பதும், மனை வக்ஃபுக்கு உரியதா என விசாரிப்பதும் இதனாலேயே அவசியமாகின்றன.

ஷுரூத் நூல்களை எழுதிய இமாம்கள் வாங்குபவரின் பணத்தை மட்டும் காக்க முனையவில்லை. அவையில் இல்லாதவரின் உரிமையையும் அவர்கள் எண்ணிப் பார்த்தனர். பத்திரத்தில் பெயர் காணாத சகோதரியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டு வீடு வாங்குபவர், தம் பொருளையும் பிறர் ஹக்கையும் ஒருங்கே காத்துக்கொள்கிறார்.