ரேடாரில் தெரியாத காற்று

1959 ஜூலை 9 அன்று தெற்கு இங்கிலாந்தைக் கடந்த ஓர் இடிமழை, வோக்கிங்ஹாம் நகரில் ஆலங்கட்டிகளைக் கொட்டியது. ஈஸ்ட் ஹில்லில் இருந்த பல ரேடார்கள் அதை விடாமல் தொடர்ந்தன. அந்தப் பதிவுகளை ஆராய்ந்து வானிலையியலாளர்கள் கீத் பிரௌனிங்கும் ஃபிராங்க் லட்லமும் 1962-ல் வெளியிட்ட கட்டுரை, இடிமேகத்தைப் பற்றிய எண்ணத்தையே மாற்றியது.

அதுவரை இருந்த சித்திரம் அமெரிக்காவில் உருவானது. 1946-ல் ஃபுளோரிடாவிலும் 1947-ல் ஒஹையோவிலும் வானிலையியலாளர் ஹோரஸ் பையர்ஸின் குழு, பி-61 போர் விமானங்களை வெவ்வேறு உயரங்களில் இடிமேகங்களுக்குள்ளேயே பறக்கவிட்டது. விழும் மழை குளிர்காற்றைக் கீழே இழுக்கிறது, அது மேகத்துக்கு வரும் வெப்பக்காற்றை அறுக்கிறது, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் மேகம் ஓய்கிறது என்று அவர்கள் கண்டார்கள்.

வோக்கிங்ஹாம் மேகமோ மணிக்கணக்கில் ஓயவில்லை. ஏன்?

துளிகளிலும் ஆலங்கட்டிகளிலும் பட்டுத் திரும்பும் அலையைத்தான் ரேடார் பிடிக்கிறது. அந்த மேகத்தின் செங்குத்து வெட்டுத்தோற்றத்தில், மிகக் கனத்த மழையை ஒட்டியே, கவிழ்த்த பானையின் உட்புறம் போல ஓர் இடம் வெறுமையாகத் தெரிந்தது. அங்கேயும் மேகம் இருந்தது; ஆனால் காற்று அத்தனை வேகமாக ஏறியதால், ரேடாருக்குத் தெரியும் அளவுக்குத் துளிகள் பெருக்க நேரமில்லை. உச்சியில் பெருத்தவை விலகிப்போய் வேறிடத்தில் விழுந்தன. உயரத்துக்கு உயரம் சுற்றுக்காற்றின் வேகமும் திசையும் மாறியதால், ஏறும் காற்று சாய்ந்து நின்றது; மழை அதன் மேல் விழுந்து அதை அடக்கவில்லை. குளிர்ந்து இறங்கிய காற்றோ தரையோடு பரவி, எதிரே வந்த வெதுவெதுப்பான காற்றை மேலே தூக்கியது. மேகத்தைக் கொல்வதாகக் கருதப்பட்ட குளிர்காற்றே இங்கே அதை வளர்த்தது! இத்தகைய மேகத்துக்குப் பிரௌனிங் ‘சூப்பர்செல்’ என்று பெயரிட்டார்.

இவை மழையின் வடிவத்தை வைத்துக் கணித்த ஓட்டங்கள். துளிகள் ரேடாரை நோக்கி வருகின்றனவா, விலகுகின்றனவா என்பதை அளக்க டாப்ளர் ரேடார் வேண்டியிருந்தது. 1973 மே 24-ல் ஒக்லஹோமாவின் யூனியன் சிட்டியை டொர்னாடோ தாக்கியது. அது தரையைத் தொடுமுன்பே மேகத்தின் உள்ளே சுழற்சி தொடங்கியிருந்ததை நார்மன் நகரின் டாப்ளர் ஆய்வு ரேடார் பதிவு காட்டியது.

ஒரு ரேடார் தன் பார்வைக் கோட்டில் உள்ள வேகத்தை மட்டுமே அறியும். ஆகவே ஆய்வாளர்கள் இரண்டு ரேடார்களைத் தள்ளித்தள்ளி நிறுத்தி, ஒரே மேகத்தை இரு கோணங்களில் அளந்தார்கள். கிடைமட்ட ஓட்டம் அதிலிருந்து கிடைத்தது. கீழே காற்று கூடும் இடத்தில் அது மேலே போயாக வேண்டும் என்பதால், ஏறும் வேகத்தையும் கணக்கிட முடிந்தது.