டி.பி. கிருமியின் புரதத்தைத் தேடிப் போன இழை

1990-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் கிரெய்க் டுயர்க்கும் லாரி கோல்டும் பாக்டீரியாவைத் தாக்கும் டி4 வைரஸின் புரதம் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். அது இயல்பாகப் பற்றிக்கொள்ளும் ஆர்.என்.ஏ. இழையில் எட்டு எழுத்துகளை மட்டும் கண்டபடி மாற்றினால் 65,536 வகைகள் வரும். அத்தனையையும் புரதத்தோடு கலந்தார்கள். ஒட்டியதைப் பிரித்துப் பெருக்கி, மறுபடி கலந்தார்கள். முடிவில் மிஞ்சியவை இரண்டே வகை. ஒன்று அந்த வைரஸிடமே இருப்பது. மற்றது நான்கு இடங்களில் மாறுபட்டது. ஆனால் அதே இறுக்கத்தோடு ஒட்டியது. இயற்கை எழுதி வைக்காத இழையும் ஒரு புரதத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. அதே ஆண்டு பாஸ்டனில் எல்லிங்டனும் சோஸ்டாக்கும் இத்தகைய இழைகளுக்கு ஆப்டமர் என்று பெயர் வைத்தார்கள். இரண்டு ஆண்டுகளில் டி.என்.ஏ. ஆப்டமர்களும் வந்துவிட்டன.

டி.பி. மூளையுறையைத் தாக்கும்போது இத்தகைய இழை எவ்வளவு தேவைப்படுகிறது என்பது புரியும். தண்டுவட நீரில் கிருமிகள் மிகக் குறைவாகவே இருக்கும். மைக்ராஸ்கோப்பில் பெரும்பாலும் சிக்காது. வளர்த்துப் பார்க்க வாரக்கணக்கில் ஆகும். நோயாளிக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. ஆகவே கிருமியை விட்டுவிட்டு அதன் புரதத்தைத் தேடுவது நல்ல வழி. ஆக்சிஜன் குறைந்து கிருமி ஒடுங்கிக் கிடக்கும்போது ஏராளமாக உருவாக்கும் எச்.எஸ்.பி.எக்ஸ். என்ற புரதத்தை டெல்லி எய்ம்ஸ், ஃபரிதாபாத் டி.எச்.எஸ்.டி.ஐ. ஆகிய நிறுவனங்களின் ஆய்வாளர்கள் குறிவைத்தார்கள்.

இத்தகைய வேட்டை, பொதுவாகப் பல லட்சம் கோடி டி.என்.ஏ. இழைகள் மிதக்கும் சிறு குழாயில் தொடங்கும். ஒவ்வொன்றின் நடுப்பகுதியும் வேறு வேறு. முறத்தில் புடைப்பதைப் போல, ஒவ்வொரு சுற்றிலும் ஒட்டாதவை கழுவப்பட்டுப் போகும், ஒட்டியவை பி.சி.ஆரில் பெருகும். ஆனால் புரதத்தைத் தாங்கி நிற்கும் தாளில் ஒட்டிக்கொள்ளும் இழைகளும் கூடவே தப்பிப் பெருகிவிடும். அதனால் புரதமே இல்லாத வெறும் தாளில் கலவையை ஊற்றி, அதில் ஒட்டுவனவற்றை விலக்க வேண்டும். என் கணிப்பில் முழு வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. எதையும் பற்றும் இழை எந்த நோயையும் காட்டாது.

அப்படித் தேறிய எச்63 என்ற இழையை ஆய்வாளர்கள் நறுக்கி, திருத்தி, எச்63 எஸ்.எல்-2 எம்6 ஆக்கினார்கள். 2018-ல் அது நோயாளிகளின் தண்டுவட நீரில் சோதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மின்முனையில் ஏறியது: புரதம் வந்து ஒட்டியதும் இழை உருவம் மாறும், மின்சாரமும் மாறும், சுமார் அரை மணி நேரத்தில் விடை தெரியும்.

விலங்கின் உடலோ உயிருள்ள செல்லோ இல்லாமல் வேதிமுறையிலேயே இழையைத் தயாரிக்கலாம் என்பதால் ஒவ்வொரு தொகுப்பும் ஒரேபோல இருக்கும். ஆன்டிபாடியைவிடச் சூட்டையும் தாங்கும். சிறிய மருத்துவமனைக்கு இவை இரண்டும் பெரிய வரம். ஆனால் அங்கே போகும்முன் ஒன்று உறுதியாக வேண்டும். மூளையுறைக் காசநோய் என்று சந்தேகம் எழுந்தாலே மருத்துவர்கள் இன்று மருந்தைத் தொடங்கிவிடுகிறார்கள். சோதனை ‘இல்லை’ என்று சொன்னால் மருந்தை நிறுத்தலாமா? பல ஊர்களில், பல நிலை நோயாளிகளிடம் சோதித்து, அந்த ‘இல்லை’ எத்தனை முறை பொய்க்கிறது என்று பார்த்த பிறகே அதற்குப் பதில் சொல்ல முடியும்.