மண்ணெண்ணெய் வந்த ஊருக்கு நூல் வராதது ஏன்?

“பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?” என்று கேட்டுப் புன்னகை புரிவோர் நம்மிடையே உண்டு. நூலாசிரியன் எழுதுவதோடு நிற்க வேண்டும்; தன் நூலைத் தானே எடுத்துச் சொல்வதும், விலை கூறுவதும், வாங்குக என வேண்டுவதும் புலமைக்கு இழுக்கு என்பது அவர்தம் எண்ணம். பூவின் மணத்தைக் காற்று சுமந்து செல்லும். மூடிக் கிடக்கும் ஏட்டின் மணத்தைச் சுமக்கும் காற்று எது? எழுதியவனும் அவன் தோழர்களும் அன்றோ அந்தக் காற்றாக வேண்டும்!

மரபு இதற்கு இடம் தராது என்பார்க்கு மரபே மறுப்புரைக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், தன்னைத் தானே புகழ்தல் தகாது என்று முதலில் விதிக்கிறது. விதித்த கையோடு விலக்கும் அளிக்கிறது. அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதார் நடுவிலும், அவையிலே வெல்ல வேண்டியபோதும், மாற்றான் பழித்தபோதும் புலவன் தன்னைப் புகழலாம் என்கிறது. இரண்டாவது விலக்கைக் கவனியுங்கள் தோழர்களே: ஆற்றலை அறியாதார் நடுவே! தமிழ் எழுத்தாளன் பெரும்பாலும் நின்ற இடம் அதுதானே? ஆயினும் நம் புலவர் பெருமக்கள் நெடுங்காலம் கைக்கொண்டது முதல் விலக்கையே. அரசனுக்கு ஓலை எழுதினர். அறியாத மக்களிடம் சென்றாரில்லை.

புரவலன் வாயிலில்

அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. ஏட்டுச்சுவடிக் காலத்தில் ஒரு நூலுக்குச் சில படிகள் எழுதுவதே பெரும்பாடு. மக்களிற் பெரும்பாலோர்க்கோ கல்வியின் கதவே திறக்கவில்லை. எனவே புலவனுக்கு வாழ்வு புரவலன் வாயிலில். நூலுக்கு வாழ்வு அரங்கேற்றத்தில்.

நம் குலசேகரன்பட்டினம் இருக்கும் கடற்கரையே இதற்குச் சான்று கூறும். வடக்கே திருச்செந்தூரைக் கடந்தால் காயல்பட்டினம். அதற்கும் வடக்கே, பொருநை கடலொடு கலக்கும் இடத்தில் புன்னைக்காயல். தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று நமக்குக் கிடைத்துள்ள நூல்களில் முதலாவதான ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. அதனை ஆக்கிய அண்டிரிக் அடிகளார் பணியாற்றியது இந்த முத்துக்குளித்துறையில். அச்சுப்பணிக்குப் பொருள் தந்தோர் இங்கே வாழ்ந்த பரதவர் பெருமக்கள். வள்ளல் சீதக்காதியின் ஆதரவில் தொடங்கிய உமறுப்புலவரின் சீறாப்புராணம், அவர் மறைந்த பின் அபுல் காசிம் மரைக்காயரின் துணையால் வளர்ந்தது. அந்த நூல் அச்சேறியது 1842இல். அச்சேற்றியவர் காயல்பட்டினத்துப் புலவர் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம். எழுதப்பட்டதற்கும் அச்சானதற்கும் இடையே ஒரு நூற்றாண்டுக்கு மேல் உருண்டோடிற்று!

1835ஆம் ஆண்டுச் சட்டம் இந்நாட்டு மக்களும் தடையின்றி அச்சகம் நடத்த வழி திறந்தது. அதன் பின் புரவலனோடு ‘கையொப்பக்காரர்’ என்னும் புதியவர் வந்து சேர்ந்தார். நூல் அச்சாகும் முன்பே படி வாங்குவதாகக் கையொப்பமிட்டுப் பணம் தருவோர் இவர். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோது இத்தகையோரைத் தேடி அலைந்தார். ஒரு வள்ளலின் வாயில், பல வீடுகளின் வாயிலாயிற்று. முன்னேற்றந்தான். எனினும் அவ்வீடுகள் வழக்கறிஞர் வீடுகள், அலுவலர் வீடுகள், நிலக்கிழார் வீடுகள். உழுதவனும் வலை வீசியவனும் பனையேறியவனும் அப்பட்டியலில் இல்லை.

கடையத்துச் சுற்றறிக்கை

இந்நிலையில், இதே நெல்லைச் சீமையின் மேற்குக் கோடியில், மலையடிவாரத்துக் கடையத்தில் அமர்ந்து ஒரு கவிஞர் ஒரு கணக்குப் போட்டார். அவர் சுப்பிரமணிய பாரதி. பாரதியின் கருத்துகளில் நமக்கு உடன்பாடும் உண்டு, மாறுபாடும் உண்டு. அந்த வழக்கை இங்கே அவிழ்க்க வேண்டியதில்லை. வாசகனை நோக்கி அவர் எடுத்து வைத்த அடியே நமக்குப் பொருள்.

பத்தாண்டுகள் புதுவையில் ஒதுங்கி வாழ்ந்தவர், 1918இல் வெளியேறிக் கடலூரில் கைதாகி, விடுதலை பெற்று, துணைவியார் செல்லம்மாளின் ஊரான கடையம் வந்து சேர்ந்தார். கையில் பொருளில்லை; பெட்டி நிறையக் கையெழுத்துப் படிகள் இருந்தன. 1919ஆம் ஆண்டு மே திங்களில் எட்டயபுரம் மன்னருக்குச் சீட்டுக்கவி விடுத்தார். நன்னூல் காட்டிய முதல் விலக்கு, பழைய வாயில்! அவ்வாயில் திறக்கவில்லை.

அடுத்த ஆண்டு, 1920 சூனில், அதே மனிதர் ஒரு சுற்றறிக்கை விடுத்தார். தம் எழுத்துகளை 40 நூல்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் 10,000 படிகள் அச்சிடப் போவதாக அறிவித்தார். நான்கு இலட்சம் படிகள்! தொடக்கச் செலவு 20,000 ரூபாய். ஓராண்டில், மிஞ்சினால் ஈராண்டில், ஒன்றரை இலட்சம் ஆதாயம் கிட்டும் என்றார். நண்பர்கள் குறைந்தது 100 ரூபாயேனும் கடனாகத் தர வேண்டும்; முத்திரைத்தாளில் கடன்முறி எழுதித் தருவேன், திங்களுக்கு நூற்றுக்கு இரண்டு வட்டியும் தருவேன் என்றார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலத் தம் நூல்கள் நாடெங்கும் எளிய பொருளாகி விற்கும் என்று ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் உறுதி கூறினார்.

இரண்டு ஓலைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். முன்னதில் கவிஞன் இரவலன். பின்னதிலோ அவன் தொழில் முனைவோன். கொடை கேட்கவில்லை, வட்டிக்குக் கடன் கேட்கிறான். தன் சரக்கின் மதிப்பைத் தானே கூறுகிறான், கூற நாணவில்லை. ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் ஒரு மனிதர் பல நூற்றாண்டுத் தொலைவைக் கடந்துவிட்டார்.

ஆனால் பணம் வரவில்லை. திட்டம் தாளிலேயே நின்றது. ஆண்டிறுதிக்குள் பாரதி சென்னைக்குச் சென்று ‘சுதேசமித்திரன்’ அலுவலில் மீண்டும் அமர்ந்தார். 1921 செப்டம்பரில், நாற்பது வயதை எட்டுமுன் மறைந்தார்.

தடம் எங்கே?

அவர் தேர்ந்த உவமையே தோல்வியின் காரணத்தையும் காட்டுகிறது. 1920இல் மண்ணெண்ணெய் ஊர்களை எட்டியது எப்படி? தீப்பெட்டி எட்டியது எப்படி? சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் அப்போது பிறக்கவே இல்லை; கடல் கடந்து வந்த பெட்டிகளே பட்டிதொட்டிகளில் விற்றன. கப்பல், இரயில், மொத்தக் கடை, சில்லறைக் கடை என அவற்றுக்கு ஒரு தடம் இருந்தது.

குலசேகரன்பட்டினத்தையே பாருங்கள். பழம்பெரும் துறைமுகம். 1915 முதல் 1940 வரை இங்கே ஒரு சிற்றிரயில் ஓடிற்று. திருச்செந்தூர், உடன்குடி, திசையன்விளை என்று தேரிக்காட்டு ஊர்களை இணைத்தது. பனைவெல்லத்தைச் சர்க்கரையாக்கும் ஆலைக்காக வெள்ளையர் குழுமம் அமைத்த வழி அது. கருப்பட்டி வந்து சேர ஒரு தடம், அயல்நாட்டுச் சரக்குப் போய்ச் சேர ஒரு தடம். தமிழ் நூலுக்கு மட்டும் தடமில்லை! பத்தில் ஒன்பது பேருக்கு எழுத்தறிவு கிட்டாத அந்நாளில், நூறு ரூபாய் கடன் தரவல்ல நண்பர் சிலரை மட்டும் நம்பி நான்கு இலட்சம் படிகளை எங்ஙனம் செலுத்துவது? பாரதியிடம் நூல் இருந்தது, விலைத் திட்டம் இருந்தது, விளம்பரத் துணிவும் இருந்தது. வாசகர் கூட்டம் ஒன்று திரண்டு நிற்கவில்லை. கடன் கொடுப்போரைத் தேடினார். படிப்போரைத் திரட்ட அவருக்குக் காலம் வாய்க்கவில்லை.

கூட்டம் திரண்ட கதை

அந்தத் தடத்தைப் பின்னர் வெட்டியோர் யார்? 1925 மே 2ஆம் நாள் ஈரோட்டில் ‘குடி அரசு’ பிறந்தது. பெரியாரும் அவர் தோழர்களும் பகுத்தறிவு நூற்பதிப்புக் கழகம் கண்டு சிறு நூல்களைக் குறைந்த விலைக்கு வெளியிட்டனர். பெரியார் மேடையிலே பேசியதோடு நில்லாமல் நூலின் பெயரும் விலையும் கூறி விற்கவும் செய்தார். நூலாசிரியன் தன் நூலை விற்பது இழிவு என்ற எண்ணம் அந்த மேடையில் பொடிப்பொடியாயிற்று. ஊர்தோறும் படிப்பகங்கள் முளைத்தன. தேநீர்க் கடையிலும் முடிதிருத்தகத்திலும் ஏடுகள் கிடந்தன. எழுத்தறிந்த ஒருவர் படிக்க, அறியாத பத்துப் பேர் கேட்டனர். வாங்கியது ஒரு படி, வாசகரோ பதினொருவர்! பாரதியின் கணக்கில் விடுபட்ட எண் இதுதான்.

பயன் விரைவிலேயே தெரிந்தது. பாரதியின் மாணவர் பாரதிதாசனின் கவிதைத் தொகுதியை 1938இல் குஞ்சிதம் குருசாமி அம்மையார் வெளியிட்டார். ஒரு மன்னரும் தேவைப்படவில்லை. 1946 சூலை 29ஆம் நாள் அண்ணாவின் முயற்சியால் பாரதிதாசனுக்கு 25,000 ரூபாய் பொற்கிழி வழங்கப்பட்டது. ஆசிரியர் கடன் கேட்டு எழுதிய 20,000 வரவில்லை. இருபத்தாறு ஆண்டுக்குப் பின் மாணவருக்கு, கேளாமலே, அதனினும் மிகுதி திரண்டது. பாட்டின் தரமா மாறிற்று? மாறியது படிப்போர் கூட்டம்.

1942ஆம் ஆண்டு குலசேகரன்பட்டினத்துக்கு மறக்கவொண்ணாத ஆண்டு. உப்பளத்துப் போராட்டமும் வெள்ளை அதிகாரி லோனின் கொலையும் அதைத் தொடர்ந்த வழக்கும் இவ்வூர்ப் பெயரை நாடெங்கும் ஒலிக்கச் செய்தன. அதே ஆண்டில் அண்ணா காஞ்சியில் ‘திராவிட நாடு’ தொடங்கினார், பதினெட்டு வயதுக் கருணாநிதி திருவாரூரில் ‘முரசொலி’யைத் துண்டறிக்கையாக வெளியிட்டார், திருச்செந்தூர் அருகே காயாமொழியில் பிறந்த சி.பா. ஆதித்தனார் மதுரையில் ‘தந்தி’யை நிறுவி, எழுத்துக் கூட்டிப் படிப்பவனுக்கும் புரியும் நடையைக் கொணர்ந்தார். நோக்கங்கள் வேறு, அறிந்த உண்மை ஒன்று. வாசகன் வருவான் என்று காத்திராதே, அவன் அமர்ந்திருக்கும் இடத்துக்குச் செல்!

பாரதியின் எழுத்துரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு வாங்கிப் பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கிற்று. மலிவுப் பதிப்புகள் பெருகின. தீப்பெட்டிக் கனவு நனவாயிற்று, காண அவரில்லை.

இன்று நம் முன் உள்ள பணி

இன்று குலசேகரன்பட்டினத்தில் விண்கலம் ஏவும் தளத்துக்கு 2024 பெப்ரவரி 28ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டுள்ளது. தசராத் திருவிழாவுக்கோ வேடம் புனைந்து இலட்சக்கணக்கில் மக்கள் கூடுகின்றனர். விண்ணுக்குச் செல்ல வழி காண்கிறோம். வேடங்கட்டவும் வழி காண்கிறோம். இவ்வூர்ச் சிறுவன் ஒருவன் பாடநூல் அல்லாத நூலொன்றை விலைக்கு வாங்க எவ்வளவு தொலைவு செல்ல வேண்டும்? வகுப்பறையில் நாள்தோறும் நிற்கும் நமக்கு இக்கேள்வி உறுத்துகிறது. எழுத்தறிவு பரவிவிட்டது, ஏடு இன்னும் பரவவில்லை.

ஆகவே எழுதும் இளைஞர்க்கு ஒரு சொல்: உம் நூலை எடுத்துரைக்க நாணாதீர். பொய்ப்புகழ் வேண்டா, நூலில் உள்ளதை உள்ளவாறு கூறுங்கள். விலையைக் குறைத்து வையுங்கள். படிக்கும் தோழர்க்கும் ஒரு சொல்: பத்துப் பேர் கூடினால் ஒரு படிப்பகம். மாதம் ஒரு மாலை, ஒருவர் படிக்க மற்றவர் கேட்கட்டும். கேட்டபின் எதிர்வாதம் புரியட்டும். ஊர்க் கூட்டம் எதுவாயினும் ஓர் ஓரத்தில் ஒரு மேசை, அதன்மேல் இருபது நூல்கள். இதற்கு மன்னர் வேண்டா, வள்ளல் வேண்டா.

கடையத்துக் கவிஞர் தனியொருவராய் நின்று கணக்குப் போட்டார், தோற்றார். நாம் தனியொருவர் அல்லோம். அவர் கணக்கில் விடுபட்ட எண் நாமே!