டோக்கியோவில் அச்சேறிய இலக்கணம்

படிவம் மூன்றில் நான் எழுதிய ஆங்கிலக் கட்டுரையில் 'ஐ எஞ்சாய் டு ரீட்' என்ற வரியைச் சுற்றி சிவப்பு மையில் ஒரு வட்டம். "'ஐ வாண்ட் டு ரீட்' சரின்னா இது மட்டும் ஏன் தப்பு?" என்று ஆசிரியரிடம் கேட்டேன். "அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணிக்கோ" என்றார். வாண்ட் வந்தால் டு ரீட், அதாவது இன்ஃபினிட்டிவ். எஞ்சாய் வந்தால் ரீடிங், அது ஜெரண்ட். இரண்டு பக்கத்துக்குப் பட்டியல். மலாயில் இந்தத் தொல்லையே கிடையாது. 'மாஹு மெம்பாச்சா', 'சுக்கா மெம்பாச்சா' என்று வினை அசையாமல் நிற்கும்.

அந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்று தேடியது ரொம்ப நாள் கழித்துத்தான். லண்டன் பிள்ளைகளும் இதையே உருப்போட்டிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை. அவர்களுடைய இலக்கணச் சண்டைகளே வேறு. 'டு'வுக்கும் வினைக்கும் நடுவில் இன்னொரு சொல்லை நுழைப்பதை ஹென்றி ஆல்ஃபோர்டு 1864இல் கண்டித்தார். 'மீ கோயிங்' என்பதா 'மை கோயிங்' என்பதா என்று ஃபௌலரும் டென்மார்க்கின் யெஸ்பர்சனும் 1920களில் மோதிக்கொண்டார்கள். எஞ்சாய்க்குப் பின்னால் என்ன வரும் என்று அங்கே யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வீட்டிலேயே வந்துவிடும்.

அது தேவைப்பட்டது ஜப்பானியர்களுக்கு.

1922இல் ஹெரால்டு பால்மர் என்ற ஆங்கிலேயர் ஜப்பானியக் கல்வி அமைச்சின் ஆலோசகராக டோக்கியோ போனார். அடுத்த ஆண்டு அங்கே ஆங்கிலம் கற்பிப்பதற்கான ஓர் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1924இல் ஏ.எஸ். ஹார்ன்பி ஜப்பானுக்கு வந்தார். கியூஷூ தீவில் ஆசிரியர் வேலை. தன் மாணவர்கள் சொற்களுக்குப் பொருள் தெரிந்தும் வாக்கியத்தில் தடுக்கி விழுவதைப் பார்த்தார். ஓர் ஆங்கிலேயனுக்கு அகராதியில் பொருள் போதும். அந்நியனுக்கு அந்தச் சொல் யாரோடு சேரும், யாரோடு சேராது என்பதும் வேண்டும். பால்மர் தொடங்கி வைத்த வேலையை ஹார்ன்பி தொடர்ந்தார். வினைகளையெல்லாம் 25 வகை வாக்கிய அமைப்புகளில் அடுக்கி, அகராதியில் ஒவ்வொரு வினையோடும் அதன் எண்ணைப் போட்டார். இதற்கு 'டு', இதற்கு 'இங்' என்று எனக்குக் கிடைத்த பட்டியலுக்கு இதுதான் பூர்வீகம்.

அகராதி டோக்கியோவில் வெளிவந்த ஆண்டு 1942. இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டேன். அந்த பிப்ரவரி 15ஆம் தேதிதான் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. மலாயா முழுக்க அவர்கள் ஆட்சி. நம் தாத்தா பாட்டிகள் ஆங்கிலத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு 'நிப்பொங்கோ' படித்துக்கொண்டிருந்தார்கள். ஜப்பானிலேயே ஆங்கிலத்துக்கு 'எதிரியின் மொழி' என்ற பெயர். போர் தொடங்கியதும் ஹார்ன்பியைக் காவலில் வைத்தார்கள், பிறகு ஊருக்கு அனுப்பினார்கள். அவருடைய அகராதியை மட்டும் ஒரு ஜப்பானியப் பதிப்பகம் அச்சிட்டிருக்கிறது! 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அதையே மறுபதிப்புச் செய்தது. இன்று நம் பள்ளி நூலகங்களில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதி அந்த வம்சம்தான்.

சரி, வினைகள் ஏன் இப்படி இரண்டு கட்சியாகப் பிரிந்தன? பழைய ஆங்கிலத்தில் எழுதுதலைக் குறிக்க 'ரீத்தான்' என்று விகுதியோடு ஒரே சொல் இருந்தது. முன்னால் நின்ற 'டு' வெறும் திசை காட்டும் சொல், நம் நான்காம் வேற்றுமை 'கு' மாதிரி. தொல்காப்பியம் சொல்லும் 'செயற்கு' எச்சத்தை நினைத்துக்கொள்ளலாம். விகுதி தேய்ந்தது, 'டு' ஒட்டிக்கொண்டது. 'இங்' வேறு குடும்பம். 'லியோர்னுங்' என்றால் கற்றல், அசல் தொழிற்பெயர். இனி நடக்கப்போவதை நோக்கும் வினைகள் பெரும்பாலும் 'டு' பக்கம் நிற்பதற்கு அந்தப் பழைய திசைப் பொருளே காரணம் என்பது எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது. ஆனால் எல்லா வினையும் இதற்கு அடங்காது. எல்லையும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. 'அக்கஸ்டம்ட் டு டூ' என்று 19ஆம் நூற்றாண்டு எழுத்தாளர்கள் சாதாரணமாக எழுதினார்கள். இப்போது 'டு டூயிங்'தான் சரி. அவர்கள் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தால் அவர்களுக்கும் சிவப்பு வட்டம்தான்.

போன வருடம் தமிழ் படிக்கும் சீன நண்பர் ஒருவர் எனக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்: 'நான் புகை பிடிக்க நிறுத்தினேன்.' 'பிடிப்பதை நிறுத்தினேன்' என்று திருத்தினேன். "பிடிக்கத் தொடங்கினேன் சரிதானே? அப்ப இது ஏன் தப்பு?" என்றார். "அது அப்படித்தான்" என்று என் வாயிலும் வந்துவிட்டது.

அப்போதுதான் உறைத்தது. 'மருந்து சாப்பிட மறந்துட்டேன்' என்றால் மருந்து உள்ளே போகவில்லை, 'சாப்பிட்டதை மறந்துட்டேன்' என்றால் போய்விட்டது. இரண்டையும் நான் குழப்பிக்கொண்டதே இல்லை. யாரும் சொல்லித் தந்ததும் இல்லை. செய்ய என்றால் செயவென் எச்சம், செய்தல் என்றால் தொழிற்பெயர் என்று பள்ளியில் பெயர் சொல்லித் தந்தார்கள். எந்த வினை எதைக் கேட்கும் என்று சொன்னதாக நினைவில்லை, எனக்கு அது தேவைப்படாததால்.

நண்பருக்காக ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறேன். தொடங்கு, விரும்பு, நிறுத்து, ரசி, மற என்று போகிறது. 'அஞ்சு' என்ற வினையில் மாட்டிக்கொண்டேன். 'பேச அஞ்சினான்' சரி. 'பேசுவதற்கு அஞ்சினான்' அதுவும் சரி. இரண்டும் ஒன்றா என்று மூன்று நாளாகச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன்.