செய்யுளிலிருந்து நாவலுக்கு

பழகிய நூல்வகையை விட்டுப் புதியதொன்றைக் கையிலெடுக்க நாம் தயங்குகிறோம். 1879-இல் நம் முன்னோர் பலருக்கும் இத்தயக்கம் இருந்திருக்கும். செய்யுளே இலக்கியமெனப் போற்றப்பட்ட அந்நாளில், மாயூரத்தில் முன்சீப்பாகப் பணியாற்றிய வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சேறியது. தமிழின் முதல் நாவல் அதுவே.

1859-இல் செய்யுளில் 'நீதிநூல்' தந்தவர் அவர். தமிழில் உரைநடை நூல்கள் இல்லாத குறையைப் போக்கவே இக்கதையை எழுதியதாக முன்னுரையில் கூறினார். காப்பியம் கற்றவர்கள் இங்கே வீட்டுப் பேச்சையும் நகைச்சுவையையும் கண்டார்கள். கதைத்தலைவி ஞானாம்பாள் ஆண்வேடத்தில் நாடாள்கிறாள். நீதிமன்றங்களில் தமிழே வழங்கவேண்டும் என்ற வாதமும் கதைக்குள் எழுகிறது.

எழுதுபவர் துணிந்தால் மட்டும் போதாது, படிப்பவரும் துணியவேண்டும். அன்று அந்நூலை விரித்தவர்கள் இல்லையேல், நாவல் நம்மிடையே வேரூன்றியிராது. நம் அலமாரியில் நாம் இன்னும் தொடாத நூல் எது?